பார்ப்பவர்கள்: மூன்று

பெங்களூரில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர் பிளகின் அண்ணன் ஒருவர்தான். லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், வெப்சைட் செய்துகொடுக்கும் ஆபீஸ் எங்களுடையது. பிளகின் என்றால் வெப்சைட்டில் செருகும் குட்டி புரோகிராம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் "அதுக்கு ஒரு பிளகின் இருக்குப்பா" என்பார். பல்வலியோடு வந்தவனிடமும் அதையேதான் சொன்னார்.

யார் கேட்டாலும் ஸ்டாடிக் சைட்தான். பட்டனை அழுத்தினால் பக்கங்கள் தயாராகும்; மறுபடி அழுத்தும்வரை ஓர் எழுத்து மாறாது. "போட்டோ மாதிரிப்பா. எடுக்கறப்ப யார் நின்னாங்களோ அவங்கதான் நிப்பாங்க."

கீழேயிருந்து பேக்கரிக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார். "சார், ஈஸ்டரே வந்தாச்சு. இன்னும் கிறிஸ்துமஸ் கேக் ஆஃபர் ஓடுது!"

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க. அடுத்த கிறிஸ்துமஸ் வந்துடும்" என்று கன்னடம் கலந்து சமாளித்தார் அண்ணன்.

அண்ணனுக்கென்று ஒரே ஒரு சைட் இருந்தது. மகள் ஜெனி ஆன்லைனில் நேரலையாகக் கீபோர்டு வாசிப்பவள். மனைவி பிரிந்துபோனபோது அவளும் கூடப் போய்விட்டாள். இவர் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை. அவள் சேனலின் விவரங்களை இழுத்துவர அண்ணனே ஒரு பிளகின் எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. 'ஜெனி நேரலையில் இருக்கிறார். பார்ப்பவர்கள்: மூன்று.'

"அதுல ஒண்ணு நான்தான்" என்று பெருமையடிப்பார். தினமும் காலையில் மானிட்டரைத் துடைத்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார்.

ஒருநாள் அவர் டீ வாங்கப் போயிருந்தார். அந்தப் பக்கமும் ஸ்டாடிக்தான்; பட்டனை அழுத்தி எட்டு மாதமாகிறது என்று கவனித்தேன். பேக்கரி ஆஃபரைப் போலவே இதையும் புதுப்பிக்க மறந்துவிட்டாரே என்று, உதவுவதாக நினைத்துப் பட்டனை அழுத்தினேன். பச்சைப் புள்ளி போய்விட்டது. 'இந்தச் சேனல் இல்லை' என்று வந்தது.

அவள் சேனலை மூடி எட்டு மாதமாகியிருந்தது. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பட்டனைத் தொடவில்லை.

டீயோடு வந்தவரிடம், "பழசா கெடந்துச்சுண்ணே... நான்தான் அழுத்திட்டேன்" என்றேன்.

குனிந்து திரையைப் படித்தார். "பிளகின் கரெக்டா வேலை செய்யுதுப்பா" என்று டீயை என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

மறுநாள் அவர் மானிட்டரைத் துடைக்கவில்லை. பழைய பக்கத்தின் காப்பி எங்கேயும் இல்லை. நினைவிலிருந்து நானே கையால் அடித்து, பச்சைப் புள்ளியும் வைத்து, அவர் முன்னால் திறந்து வைத்தேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"மூணுதானேப்பா இருந்துச்சு? நாலுன்னு போட்டிருக்கே?"

"நாலாவது நான்ண்ணே."