அரியலூர் கோபம்

என் வாழ்நாளில் கோபப்படாமல் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத மனிதர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் 'குட் மார்னிங்' சொன்னால், எதிரில் நிற்பவர் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார். அவருக்கு ஒரு பெயரும் இருந்தது, சம்பளப் பட்டியலில் மட்டும். மாலத்தீவில் ஒரு குட்டித் தீவின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போன எங்கள் இருவருக்கும் ஊர்ப்பெயரே பெயர். நான் பெரம்பலூர். அவர் அரியலூர்.

அவர் எனக்கு முன்பே அங்கே போனவர். இரண்டாயிரமாவது ஆண்டில், படகில் குடல் வெளியே வருமளவு வாந்தியெடுத்துவிட்டு நான் கரையில் கால் வைத்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எந்த ஊருய்யா?"

"பெரம்பலூருங்க."

முகம் கருத்துவிட்டது. "சரியாப் போச்சு! கடலத் தாண்டி வந்தும் பெரம்பலூர்க்காரன் கூடத்தான் குடித்தனமா?"

விஷயம் இதுதான். தொண்ணூற்றைந்தில் பெரம்பலூர் மாவட்டத் தலைநகராகி, அரியலூர் அதன் கீழே வந்தது. அந்த அநியாயத்தை நான்தான் கையெழுத்துப் போட்டுச் செய்ததுபோல ஒரு வாரம் என்னை விசாரித்தார்.

"ரயில் நிக்கிற ஊர்லேர்ந்து பஸ் ஏறி, ரயிலே இல்லாத ஊருக்குப் போயி கலெக்டருக்கு மனு குடுக்கணுமா? எந்த ஊரு நியாயம்யா இது?"

"எனக்குத் தெரியாதுங்க."

"இது தெரியாமத்தான் எம்.ஏ. படிச்சியா?"

அடுத்த வருடமே அரியலூர் தனி மாவட்டமாயிற்று. ஊரிலிருந்து அவருடைய தம்பி போனில் சொன்னதும், தேங்காய்ப்பால் பாயசம் காய்ச்சித் தீவு முழுக்க ஊற்றினார். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் குடித்தார்கள். மறு வருடம் அதைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். பல நாள் அவர் என்னோடு பேசவில்லை. அவர் வைக்கும் குழம்பில் மட்டும் உப்பு ஏறிக்கொண்டே போனது.

வகுப்பிலும் இதே கதைதான். இலக்கணம் பிசகினால் ஆங்கிலத்தில் கிளம்பும் திட்டு பாதி வழியில் தமிழுக்கு மாறிவிடும். "அறிவிருக்கா?" என்று தினமும் கேட்பார். அது தமிழ்நாட்டு வணக்கம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள், பிறகு தீவே முடிவு செய்தது. ஒரு காலையில் தீவுத் தலைவர், பழுத்த கிழவர், நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தி என்னிடம், "அறிவிருக்கா?" என்றார்.

"இருக்குங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

ஆனால் ஒன்று. அத்தனை கத்தியும் ஒரு பிள்ளை மீதும் அவர் கை ஓங்கியதில்லை. அதனால் பிள்ளைகள் திட்டு வாங்குவதற்கென்றே அவரைச் சுற்றி வந்தார்கள்.

அங்கே பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு லண்டனிலிருந்து வினாத்தாள் வரும். தேறினால்தான் மேலே படிக்கலாம். அந்த வகுப்பு என்னுடையது. ஒருநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "நாளையிலிருந்து நீங்கள் மூன்றாம் வகுப்புக்குப் போங்கள்" என்றார். பக்கத்துத் தீவின் சுற்றுலா விடுதியில், கடலில் மூழ்கிப் பவளப்பாறை பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், வேலை முடிந்ததும் சில மாதம் எங்கள் தீவில் தங்க ஆசைப்பட்டாராம். நல்ல மனிதர், சிரித்த முகம். ஒருநாள்கூட வகுப்பெடுத்ததில்லை. ஆனால் ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. பெற்றோர் அதைத்தான் விரும்புகிறார்களாம்.

அவரும் வெளிநாட்டுக்காரர், நாங்களும் வெளிநாட்டுக்காரர்கள். அவர் விருந்தாளி, நாங்கள் உப்புக்குச் சப்பாணி. அவருக்கு ஏ.சி. போட்ட அறை. எங்களுக்கு இருந்தது ஒரே மின்விசிறி, அதுவும் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னய்யா, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

சொன்னேன். அரியலூர் கையிலிருந்த கரண்டி ரசத்துக்குள் விழுந்தது.

"தாய்மொழியாம்ல, தாய்மொழி! எங்கப்பாருக்குந்தான் தாய்மொழி தமிழு. கைநாட்டு. அவரக் கூட்டியாந்து காலேஜுல தமிழ் நடத்தச் சொல்லுவானா?"

சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒரு சாயங்காலம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழுதுகொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். ஒரு வாக்கியத்தில் ஏன் அந்த இடத்தில் 'ஹேஸ்' வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வெள்ளைக்காரர் ரொம்ப நேரம் யோசித்து, "அப்படிச் சொன்னால்தான் கேட்க நன்றாக இருக்கிறது" என்றாராம்.

"கேக்க நல்லா இருக்குதா?" அரியலூர் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டாள். "இது என்ன நாதஸ்வரக் கச்சேரியா?"

மறுநாள் பெற்றோர் கூட்டம். எங்களுக்கு அழைப்பில்லை. அரியலூர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அந்த ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லை, ஒரு மரியாதையும் இல்லை.

தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டார். "உங்கள் வகுப்பை யாரும் தொடவில்லையே. போனது அவருடைய வகுப்பு. உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

அரியலூர் மேஜையில் ஓங்கி அறைந்தார். ஆங்கிலம் பறந்துவிட்டது.

"அவன் எங்க மாவட்டத்துக்காரன்யா!"

அந்த அறையில் அது ஒருவருக்கும் புரியவில்லை, என்னைத் தவிர. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது.

அப்போது அந்த மாணவியின் தாய் எழுந்தார். தன் மகளுக்குப் புது வாத்தியார் சொல்வது விளங்கவில்லை, பழைய வாத்தியாரே வேண்டும் என்றார். பின்வரிசையிலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. வெள்ளைக்காரருடைய கை. "தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்பது எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை" என்றார். அரியலூர் அவரையும் முறைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

எனக்கு வகுப்பு திரும்பக் கிடைத்தது. அந்தப் பருவம் முடிந்ததும் அரியலூருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் அவருடைய குணமாம்! கற்பிக்கத் தெரியாதவருக்குக் கைகுலுக்கல், அதைச் சொன்னவருக்குப் படகு. நானும் ராஜினாமா செய்கிறேன் என்று குதித்தேன்.

"செருப்பால அடிப்பேன். பசங்களுக்குப் பரீட்ச வருது. நான் தொண்ட கிழியக் கத்துனது நீயும் என்கூட மூட்ட கட்டுறதுக்கா?"

வழியனுப்ப வந்த பிள்ளைகளை, வெயிலில் நிற்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே படகேறினார். அந்த மாணவி தேறினாள். மற்றவர்களும்தான்.

நானும் ஊர் திரும்பியபின், இரண்டாயிரத்தேழில் அரியலூரில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். வாசலிலேயே அவர் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவங்களுக்கு நெஞ்சு வலி வந்துருச்சு தம்பி. கோவமே படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

உள்ளே மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "வாங்க, உக்காருங்க. நல்லா இருக்கீங்களா?" என்றார். வாங்க! என்னை! நான் சொன்னதற்கெல்லாம் மெல்லத் தலையாட்டினார். பாதியில் மின்சாரம் போனது. அதைக்கூடத் திட்டவில்லை. அங்கே இருக்க முடியாமல் எழுந்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. சாப்பாடெல்லாம் வேணாம், போயிட்டு வரேன்."

"என்னது?" அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "எங்க வூட்டுக்கு வந்துட்டு எவன்யா சாப்புடாமப் போறவன்? உக்காருய்யா கீழ!"

அவர் மனைவி பதறிக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடிவந்தார். நான் உட்கார்ந்தேன். இலை கிழிந்திருக்கிறது என்று மனைவியையும், கோழி மாதிரி கொறிக்கிறேன் என்று என்னையும் மாற்றி மாற்றித் திட்டினார்.

அவர் திட்டத் திட்ட எனக்குப் பசியெடுத்தது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.