பட்டாணிப் பச்சைக் காருக்கு ஒரு நியாய விலை

நீதி தேவதை கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் தராசுடன் நிற்கிறாள் என்கிறார்கள். எந்த ஊரில் நிற்கிறாள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். எங்கள் கடற்கரை ஊரான வார்நம்பூலில், கால்பந்து மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சங்கத்தின் தகரக் கொட்டகையில் நிற்கிறாள். அவள் கண்ணைக் கட்டியிருப்பது எங்களுக்கும் வசதிதான். எங்கள் கார்களை நேரில் பார்த்துவிட்டால் தராசைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

சங்கத்தின் பெயர் 'மேற்குக் கடற்கரை விக்கம் கார் உரிமையாளர் சங்கம்'. விக்கம் என்பது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் செய்யப்பட்ட, கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் கம்பெனி சீக்கிரமே மூடப்பட்டது. உலகம் அதற்குத் தயாராக இல்லை என்பது எங்கள் சங்கத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. கார் தயாராக இல்லை என்று சொன்ன ஒரு மெக்கானிக்கை நாங்கள் இப்போது கூட்டங்களுக்கு அழைப்பதில்லை.

சங்கத்தின் மூளை 'நியாய விலைக் குழு'. தலைவர் க்ளைவ், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். உறுப்பினர் நெவில், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். செயலாளர் நான், டெஸ்மண்ட். நகராட்சியில் வண்டி நிறுத்துமிடப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். எந்த உறுப்பினர் காரை விற்றாலும் விலையை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். ஒருவன் மலிவாக விற்றுவிட்டால் மற்ற எல்லாருடைய காரும் மலிவாகிவிடும் அல்லவா? இதைச் சிலர் சுயநலம் என்பார்கள். நாங்கள் 'சமூகப் பொறுப்பு' என்கிறோம்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் நண்பன் ராஸ் காலமானான். அவனுடைய மனைவி நோலீன் ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டகைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் விஷயத்துக்கு வந்தாள்.

"அலைத்தடுப்புச் சுவர் பக்கத்துல மீனும் சிப்ஸும் விக்கிற கடை இருக்குல்ல, அதை விக்கப் போறாங்க. என்கிட்ட சேமிப்பு இருக்கு, பதினஞ்சாயிரம்தான் குறையுது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா ஜீலாங்லேர்ந்து ஒருத்தன் வாங்கிட்டுப் போயிடுவான். ராஸோட காரை வித்துக் கொடுங்கப்பா. பதினஞ்சாயிரம் வந்தாப் போதும்."

நெவில் கையிலிருந்த லாமிங்டன் கேக் தேநீருக்குள் விழுந்தது.

"போதும்னு ஒரு விலை கிடையாது, நோலீன்," என்றார் க்ளைவ். துக்கம் விசாரிக்கிற குரல். ராஸின் சாவுக்குக்கூட அவர் அப்படிக் குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு அந்தக் கடை வேணும் க்ளைவ். ஸ்கூல் கேன்டீன்ல அடுத்தவங்க சொன்னபடி வறுத்து வறுத்தே என் வயசு போச்சு. ஒரு தடவை என் இஷ்டத்துக்கு வறுக்கணும்."

"வறுக்கலாம், வறுக்கலாம். முதல்ல நியாயம்."

நியாயத்தை நாங்கள் மனம்போனபடி தீர்மானிப்பதில்லை. முறையாகச் 'சந்தை ஆய்வு' செய்வோம். க்ளைவின் விக்கம் அறுபத்தெட்டாயிரம் டாலருக்கு விளம்பரத்தில் இருக்கிறது, ஒன்பது வருஷமாக. நெவிலுடையது அறுபத்தாறு. என்னுடையது எழுபது, கோப்பை வைக்கும் வசதி இருப்பதால். ஆக, அறுபத்தாறாயிரத்துக்குக் கீழே ஒரு விக்கம்கூட விற்றதில்லை என்று ஆய்வு ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தது. அதற்கு மேலேயும் விற்றதில்லை. ஆனால் அது ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை.

"அடுத்து உழைப்பு," என்றார் க்ளைவ். "ராஸ் கியர் பெட்டியை மாட்ட எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம்," என்றாள் நோலீன். "தலைகீழா மாட்டிட்டாரு. அப்புறம் கழட்டி மறுபடியும் மாட்டினாரு."

"மாட்டினதுக்கு ஒரு கூலி, கழட்டினதுக்கு ஒரு கூலி, மறுபடி மாட்டினதுக்கு ஒரு கூலி. டெஸ், குறிச்சுக்கோ."

"தப்புப் பண்ணதுக்குமா கூலி?"

"அதுக்குப் பேரு அனுபவம், நோலீன். நெவில் பல்லைப் பிடுங்கின காலத்துல சும்மாவா பிடுங்கினான்?"

"தப்பான பல்லுக்கும் முழுக் காசுதான் வாங்கினேன்," என்று நெவில் பெருமையோடு உறுதிசெய்தான்.

அடுத்து அபூர்வம். ராஸின் கார் பட்டாணிப் பச்சை. பக்கத்து வீட்டுக்காரன் படகுக்கு அடித்து மிச்சமான பெயின்ட்.

"இந்த நிறத்துல உலகத்துலயே ஒரே விக்கம் இதுதான்," என்றேன் நான்.

"அவருக்கு நிறம் தெரியாது, டெஸ். சிவப்புன்னு நினைச்சு அடிச்சாரு."

"அப்ப இன்னும் அபூர்வம்," என்றார் க்ளைவ்.

கதவுக்கு அடியில் இருந்த துரு 'அசல் துரு' என்று பதிவானது. கூரை ஒழுகுவது 'இயற்கையான காற்றோட்டம்'. எண்ணெய் சொட்டுவது, எண்ணெய் இருக்கிறது என்பதற்கான 'தொடர்ச்சியான உத்தரவாதம்'. கடைசியில் நாங்கள் இன்ஷூரன்ஸுக்காக எங்களுக்கு நாங்களே எழுதிக்கொடுத்துக்கொள்ளும் மதிப்பீட்டுச் சான்றிதழையும் எடுத்து வைத்தார் க்ளைவ். கார் தீப்பிடித்தால் கிடைக்கிற தொகை அது. ஓடுகிற காருக்கு அதைவிடக் குறைவாகக் கேட்பது அந்தக் காரை அவமதிப்பதாகும் என்று விளக்கினார்.

எழுபத்தோராயிரம் டாலர் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"யாரு கொடுப்பா?" என்றாள் நோலீன்.

"அது வாங்கறவன் கவலை."

விளம்பரத்தை நானே எழுதினேன். 'மனமில்லாமல் விற்கப்படுகிறது. இதன் அருமை எங்களுக்குத் தெரியும். பேரம் கிடையாது. வாங்காமல் சும்மா டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வரவேண்டாம்.' படித்துப் பார்த்த க்ளைவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் வரவில்லை. விளம்பரம் அவ்வளவு கண்ணியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி மட்டும் வந்தாள். பெயர் ஜசிந்தா, பால் லாரி ஓட்டுகிறவள். விதவை ஏமாந்துவிடக் கூடாதே என்று நாங்கள் மூவரும் முன்கூட்டியே நோலீன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நோலீன் உள்ளே ஸ்கோன் பன் சுட்டுக்கொண்டிருந்தாள். ஜசிந்தா காரைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"ஐயோ, என்ன ஒரு பச்சை! தவளை மாதிரி இருக்குது! எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு தலைவா!"

பிறகு, நம்ப மாட்டீர்கள், டயரை உதைத்தாள். மட்கார்டிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து புல்லில் விழுந்தது.

"பதினேழு தரேன்," என்றாள். "இப்பவே. பணம் வண்டியில இருக்கு."

க்ளைவ் எழுந்து நின்றார். "அம்மணி, இது சந்தைக்கடை இல்ல. ஒரு மனுஷனோட வாழ்நாள் உழைப்பு. பதினேழுன்னு வாயால சொல்லலாமா?"

"பின்ன எதால சொல்றது?"

"நீங்க இந்தக் காருக்கு ஏத்த ஆள் இல்ல."

"கார் சொல்லிச்சா?"

"குழு சொல்லுது," என்றேன் நான்.

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு, உதிர்ந்த துண்டைப் பொறுக்கி மரியாதையாக என் கையில் கொடுத்துவிட்டு, தன் நம்பரை எழுதி நோலீன் வீட்டுத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள். நோலீன் ஸ்கோன் தட்டோடு வெளியே வந்தபோது தெருமுனையில் லாரியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

"யாரு அது? எவ்வளவு சொன்னா?"

"உன்னைக் காப்பாத்திட்டோம், நோலீன்," என்றார் க்ளைவ். "பதினேழுதான் சொன்னா. விரட்டிட்டோம்."

நோலீன் எங்களைப் பார்த்தாள். பிறகு ஸ்கோன் தட்டை அப்படியே திருப்பி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். ஜாமும் கிரீமும் வைத்திருந்தாள். அந்த வாரம் எனக்கு நேர்ந்த மிகப் பெரிய நஷ்டம் அது.

வியாழக்கிழமை சாயங்காலம் நோலீனே ராஸின் காரை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து அவசரக் கூட்டம் கூட்டினாள். மறுநாள் கெடு. அவள் முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் பாலாடை போல மென்மையாக இருந்தது. அப்போதே எங்களுக்கு உஷார் வந்திருக்க வேண்டும்.

"எழுபத்தோராயிரம் நியாய விலைன்னு சொன்னீங்க. நீங்க மூணு பேரும் விஷயம் தெரிஞ்சவங்க. வெளியாளுக்கு எதுக்குக் கொடுக்கணும்? உங்களுக்கே ஐம்பதுக்குத் தரேன். இருபத்தோராயிரம் லாபம். யாருக்கு வேணும்?"

மூவரும் ஒரே சமயத்தில் தேநீர்க் கோப்பையை எடுத்து வாயில் வைத்தோம்.

"என் கராஜ்ல இடம் இல்லியே," என்றான் நெவில்.

"நாற்பது."

"முதுகு வலி," என்றேன் நான். "அவ்வளவு தாழ்வா உட்கார முடியாது."

"உங்க காரும் அதே உயரம்தானே டெஸ்? சரி, முப்பது."

"நோலீன், அந்தத் துருவைக் கொஞ்சம் யோசிச்சுப் பாரு," என்றான் நெவில்.

"அசல் துருன்னு சொன்னியேப்பா!"

"அசல்தான். அதான் பிரச்சினை. ரொம்ப ஆழமாப் போயிருக்கு."

"இருபது."

"கூரை ஒழுகுது," என்றேன்.

"காற்றோட்டம்!"

"அந்தப் பச்சை வேற," என்று முனகினான் நெவில். "என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா."

"பதினஞ்சு," என்றாள் நோலீன். இப்போது குரலில் பாலாடை இல்லை. "எனக்குக் கடைக்கு வேண்டிய பதினஞ்சு. ராஸ் உங்க கல்யாண ஊர்வலத்துக்கெல்லாம் கார் ஓட்டினவரு. நாளைக்குக் காலையில நான் கட்டணும். யாராவது ஒருத்தர்?"

க்ளைவ் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். வங்கி மேலாளராக இருந்தபோது கடன் விண்ணப்பங்களை நிராகரிக்கும் முன் இப்படித்தான் கனைப்பாராம்.

"பழகின தோஷம், நோலீன். உனக்கு உதவணும்னுதான் சொல்றேன். ஒன்பதுன்னா, நான் எடுத்துக்கறேன்."

அந்தத் தியாகத்தைக் கண்டு நான் சிலிர்த்துப் போனேன். எட்டரை என்று சொல்ல நானும் வாயைத் திறந்திருந்தேன். தலைவரின் வயதுக்கு மரியாதை கொடுத்து மூடிக்கொண்டேன்.

நோலீன் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"ஜசிந்தா? அந்தத் தவளை இன்னும் இருக்கும்மா. பதினேழு. ஆமா, மட்கார்டு துண்டோட சேர்த்துத்தான். இல்ல, காவலுக்கு யாரும் உட்காரமாட்டாங்க. இப்பவே வா."

வந்தாள். கூரையை மடக்கிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். கொட்டகை வாசலில் எண்ணெய்ச் சொட்டுகளைப் பார்த்தபடி நாங்கள் மூவரும் தொப்பியைக் கழற்றி நின்றோம். மறுநாள் கடை நோலீன் பெயருக்கு மாறியது. மிச்சமிருந்த இரண்டாயிரத்துக்குப் புது வறுக்கும் சட்டி வாங்கினாளாம்.

கார் போன அன்றிரவே கூடிய குழு நோலீனுக்குக் கண்டனம் தெரிவித்தது. குற்றம்: சங்கத்து உறுப்பினரின் காரை விற்றது. எங்கள் சங்க வரலாற்றில் இது முதல் தடவை என்பதால் என்ன தண்டனை கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. க்ளைவின் ஒன்பதாயிரத்தை அவர் கேட்டுக்கொண்டபடி குறிப்பில் சேர்க்கவில்லை. அது விலை இல்லையாம், பாசமாம்.

இத்தோடு போயிருக்கலாம். ஆனால் மீன் கடை என்பது பெண்கள் வந்து போகிற இடம். நோலீன் நன்றாகத்தான் வறுக்கிறாள், பேச்சையும் சேர்த்து. ஒரு சனிக்கிழமை என் மனைவி லொரெல் சூடான பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, நேராக கராஜுக்குப் போய், எங்கள் விக்கமைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பதினைந்து வருஷமாக அவள் புதுச் சமையலறை கேட்கும்போதெல்லாம் நான் அந்தக் காரைக் காட்டி, "அதோ நிக்குது பார், நம்ம எழுபதாயிரம்" என்று சொல்லி வந்திருக்கிறேன்.

"பதினேழாமே, டெஸ்," என்றாள்.

"அது நியாய விலை இல்ல, லொரெல். அது வெறும் யாரோ கொடுத்த விலை."

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆளுக்குப் பாதி சிப்ஸ் சாப்பிட்டோம். குழுவைக் கலந்தாலோசிக்காமல் அவள் தானே விளம்பரம் கொடுத்தது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. 'விக்கம் கார் விற்பனைக்கு. பதினேழாயிரம். கோப்பை வைக்கும் வசதி உண்டு. கூடவே நியாய விலைக் குழுச் செயலாளர் ஒருவர் இலவசம்.'

மூன்று பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் முழு விலையும் தரத் தயார், இலவசம் மட்டும் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது ஆள் என்னையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஐயாயிரம் குறைக்க வேண்டும் என்றான்.

லொரெல் பேரமே பேசவில்லை. "நியாயமாத்தான் கேக்கறீங்க," என்று சொல்லி, முகவரியைக் கொடுத்தாள்.