உறவில்லாச் சான்றிதழ்

கடல் விழுங்கியது போக மிச்சமிருந்த நிலத்தில் சம்பங்கிநாடு என்றொரு நாடு இருந்தது. நெருங்கிய உறவுக்குள் இனித் திருமணம் கூடாது என்று அரசர் மகுடதாரி ஒரு நாள் தண்டோரா போட்டார். பிள்ளைகள் நலிந்து பிறக்கிறார்கள் என்று வைத்தியர்கள் இருபது வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியதன் பலன். நல்ல சட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமன் மகனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வீட்டார் நச்சரித்துக்கொண்டிருந்ததால், பூவாத்தா தெருவென்றும் பாராமல் துள்ளிக் குதித்தாள். அவள் மனசு அக்கரை ஓடக்காரன் சாமிக்கண்ணுவிடம் அல்லவா இருந்தது!

அப்பாவும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். வெற்றிலை பாக்கு மாற்றி, வெள்ளிக்கிழமை முகூர்த்தம் குறித்து, பதிவுக்காக இரு வீட்டாரும் அரண்மனைக்குப் போனார்கள்.

உறவாய்வு அதிகாரி மீசையை நீவிக்கொண்டார். "வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்றா?"

"போன வாரமே ஆச்சுங்க" என்றாள் பூவாத்தா.

"அப்படியானால் நீங்கள் சம்பந்திகள். சம்பந்திகள் என்றால் உறவினர். உறவினருக்குள் திருமணம் சட்டவிரோதம். அடுத்தவர் வரலாம்."

"ஐயா, கல்யாணம் பண்ணத்தானே வெத்தலை மாத்துனோம்! இதென்னங்க கூத்து?"

இப்படி நாடெங்கும் கல்யாணங்கள் நின்றுபோகவே, அரசர் கருணைகூர்ந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சம்பந்திகள் அதிகாரி முன்னால் ஒருவரையொருவர் திட்டி உறவை முறித்துக்கொண்டால் பதிவு உண்டு. பூவாத்தாவின் அப்பா சாமிக்கண்ணுவைப் பார்த்து, "போய்யா, ஓட்டை ஓடக்காரா" என்று ஒப்புக்குத்தான் சொன்னார். பாவம், சாமிக்கண்ணுவின் அம்மாவுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "அழாதீங்க அத்தை" என்று பூவாத்தா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசம் புலப்பட்டதாக எழுதி அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

வியாழனன்று இரண்டாவது திருத்தம் வந்தது. உறவில்லை என்று அரண்மனை ஊழியர் ஒருவர் சான்று தந்தால் போதும். பாரபட்சம் கூடாது என்பதால், அவர் யாருக்கும் உறவாக இருக்கக் கூடாது, அரசருக்கும்கூட.

"நான் அரசரின் மச்சினன், இயலாது" என்றார் அதிகாரி. நீதிபதி அரசருக்கு அண்ணன் மகன். கருவூலத்தில் இருந்தவர் மருமகன். மடைப்பள்ளியில் பெரியம்மா மகன். வாசல் காவலன், சகலையின் தம்பி.

வெள்ளிக்கிழமை காலை, முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு நாழிகைதான் இருந்தது. அரண்மனைக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பூவாத்தா ஓவென்று அழுதாள். எதிரே அரண்மனை எருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது. சந்தையில் வாங்கி வந்தது, கொம்பில் ஊழியர் எண் எழுதியிருந்தது.

"ஏண்டி, உனக்காவது இங்க சொந்தம்னு யாரும் இல்லையே?" என்றபடி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குளம்பில் மையைத் தடவிச் சான்றிதழில் பதித்தாள்.

அதிகாரி சட்டப் புத்தகத்தை மூன்று முறை புரட்டினார். ஊழியர்தான், உறவில்லைதான். முத்திரை குத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஒற்றையடிப் பாதையில் மூச்சிரைக்க ஓடிவந்தவளுக்கு, சாமிக்கண்ணு சரியான நேரத்தில் தாலி கட்டினான். அவன் அம்மா இப்போது வேறு மாதிரி அழுதாள்.

அன்று மாலையே அரண்மனையிலிருந்து அவசர அறிவிப்பு வந்தது. உறவில்லாத ஒருவர் கையில் அதிகாரம் இருப்பது நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதால், அரசர் அந்த எருமையை இளைய மகளாகத் தத்தெடுத்துக்கொண்டாராம். வரும் தேர்தலில் அக்கரைத் தொகுதி வேட்பாளரும் அதுதானாம்.