பலகை படிக்கும் விளையாட்டு

டீ அனா ஊரை விட்டுக் கிளம்பி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, சாலையின் நடுவே எதுவோ நின்றிருந்தது. வெள்ளையாக, குட்டையாக, அசையாமல். அலிஸ்டர் காலை பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு, குரலை முடிந்தவரை சாதாரணமாக்கிக்கொண்டார்.

"நோலின், முன்னால என்ன நிக்குது, சொல்லு பார்ப்போம்."

"ஆடு" என்றார் நோலின், ஒரு கணம்கூட யோசிக்காமல். "இந்த ரோட்டுல வேற என்ன நிக்கும்?"

அலிஸ்டர் ஹாரனை நீளமாக அழுத்தினார். ஆடு நிமிர்ந்தது. காலணிக் கயிற்றைக் கட்டி முடித்து, தரையில் கிடந்த 'நில்' பலகையை எடுத்து ஆட்டி, எந்த ஆட்டுக்கும் வராத நாலைந்து வார்த்தைகளைச் சொன்னது. சாலை போடுகிறவர். மழைக்காக வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். அலிஸ்டர் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டார். வேலை செய்கிறவன் வேலைக்காரன் மாதிரி உடுத்த வேண்டாமா என்று நோலின் அடுத்த ஐந்து கிலோமீட்டருக்கு முனகிக்கொண்டே வந்தார்.

அலிஸ்டர் டன்லப்புக்குக் கண் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, நடுவில் மட்டும் போயிருந்தது. ஓரங்களெல்லாம் தெளிவு. எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் கறை. மனைவியைப் பார்த்தால் இரண்டு காதும் பின்னல் தொப்பியும் தெரிந்தன, இடையில் முகம் இல்லை. எழுபத்தைந்து வயதானால் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டுநர் உரிமம். மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதோடு உரிமம் போயிற்று.

நோலினிடம் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பயணம் இல்லை.

பயணம் மகனுக்காக. கிரெய்க் இறால் படகில் வேலை பார்த்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன், நவம்பர் இருபத்தேழாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் படகு கடைசியாக ரேடியோவில் பேசியது. நல்ல மீன்பாடு என்றது, அவ்வளவுதான். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. புதைக்க உடல் இல்லாததால் மில்ஃபோர்ட் படகுத்துறையின் கடைசிப் பலகையே அவர்களுக்குக் கல்லறை. வருடா வருடம் அதே நாளில் தங்கள் ஊரான ரிவர்டனிலிருந்து, உள்ளே கட்டில் போட்ட கேம்பர் வேனில் வந்து, இரண்டு மணிக்கு அங்கே நின்று, அவனுக்குப் பிடித்த சீஸ் ரோல் ஒன்றைத் தண்ணீரில் போடுவார்கள். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

இந்த வருடம் மழை அதிகம், தள்ளிப்போடுங்கள் என்று மகள் போனில் சொன்னாள். நோலின் கேட்கவில்லை. இந்த வருஷம் போயே ஆகணும், அந்தத் தண்ணியை ஒரு தடவை நான் பார்த்தே ஆகணும் என்று ஒரே பிடியாக நின்றார். அலிஸ்டர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். டாக்டரிடம் போனது அதற்கு மறுநாள்.

நோலினை ஓட்டச் சொல்லியிருக்கலாம். அவர் இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் போன வருடம் ஒருநாள் சாவியைக் கணவர் கையில் திணித்து, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்கியது போதும், இனி என்னை யாராவது ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மனுஷிக்கு அவ்வளவு வீம்பு.

அதனால் அலிஸ்டர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். வழியில் வரும் பலகைகளை நோலின் சத்தமாகப் படிக்க வேண்டும், சரியாகப் படித்தால் ஒரு புள்ளி. இந்த வயதில் இது என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று நோலின் முகத்தைச் சுளித்தார். சுளித்தது அலிஸ்டருக்குத் தெரியவில்லை. ஆனாலும் நோலின் ஆட ஒப்புக்கொண்டார், ஆட்டத்தில் கெட்டியாகவும் இருந்தார். வளைவு வருகிறது என்பார், வளைவு வரும். ஒற்றைப் பாலம் என்பார், பாலம் வரும். அலிஸ்டருக்கு மூச்சு சீரானது. பெண்டாட்டி கண் இருக்கும்போது தன் கண் எதற்கு என்றுகூடத் தோன்றியது.

பசிக்கு ஒரு சீஸ் ரோலை எடுத்துக் கடித்தார். இனித்தது. வெங்காய சூப் பொடி சேர வேண்டிய இடத்தில் கஸ்டர்டு பொடி சேர்ந்திருந்தது. கேட்டதற்கு, புது முறை, பிடிக்கலேன்னா வெச்சுடு என்று பதில் வந்தது. பிள்ளையின் நாளில் தாய்க்கு மனம் எங்கே நிலைகொள்ளும் என்று அலிஸ்டர் அதையும் விழுங்கினார். மகன் எப்படி விழுங்கப்போகிறானோ என்றுதான் கவலையாக இருந்தது.

பிரிவுச் சாலையில் புள்ளிக் கணக்கு தவறியது. நேரே மில்ஃபோர்ட் என்று நோலின் படித்தார். நேரே போனால் தார் முடிந்து ஜல்லி வந்தது, ஜல்லி முடிந்து ஆறு வந்தது. ஹாலிஃபோர்ட் பள்ளத்தாக்கின் அடியில் நின்றுகொண்டு, பலகையைத் திருப்பி வைத்துவிட்டார்கள் என்றார் நோலின். யார் என்று கேட்டதற்கு, சுற்றுலாக்காரர்கள் என்றார்.

வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னால் வழி இருக்கா பார் என்று அலிஸ்டர் அவரை இறக்கிவிட்டார். "வா, வா, இன்னும் வா" என்று மழையில் நின்று கையை ஆட்டினார் நோலின். இன்னும் வந்ததில் பின் பம்பர் ஒரு மரத்தில் போய் உட்கார்ந்தது. கழன்ற பம்பரைப் பிடுங்கி, வேனுக்குள் கட்டில் மேல் கிடத்தி, மறுபடி பெரிய சாலைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது.

"ரெண்டு மணிக்குள்ள போயிடுவோமா?" என்றார் நோலின்.

"போயிடுவோம். எப்ப போகாம இருந்திருக்கோம்?"

கைக்குட்டை தேடி அலிஸ்டர் டாஷ்போர்டைத் திறந்தபோது உள்ளே ஒரு பூதக்கண்ணாடி கையில் தட்டுப்பட்டது. தன்னுடையதை நோலின் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டார். பைக்குள் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இரண்டு வாங்கியது எப்படி மறந்துபோனது என்று விளங்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் இருப்பதும் போகத் தொடங்கிவிட்டது என்று மலைச்சரிவு நெடுக மனம் நொந்துகொண்டே ஓட்டினார்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் விடும் ஹோமர் குகைப்பாதையின் வாசலில், சிவப்பு விளக்குக்காக நிற்கும் இடத்தில், கியா கிளிகள் காத்திருந்தன. அவற்றுக்கு ரப்பர் என்றால் உயிர். வேன் நின்றதும் ஒன்று கூரையில் இறங்கியது, இன்னொன்று கண்ணாடித் துடைப்பானின் ரப்பரை நாடா உருவுவதுபோல் உருவியது. அலிஸ்டர் இறங்கிப் போய், பக்கத்தில் பச்சையாகக் குந்தியிருந்த பெரிய கிளியைத் தொப்பியால் நாலு போடு போட்டார். கிளி ஜெர்மன் மொழியில் அலறியது. பச்சை மழைக்கோட்டில் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டிருந்த சுற்றுலாப் பெண் அவள். அதற்குள் நிஜக்கிளி இரண்டாவது துடைப்பானையும் முடித்துவிட்டது.

இப்போது கண்ணாடி முழுக்கத் தண்ணீர். வெளியே விளக்கு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மணி ஒன்று இருபது.

"பச்சை விழுந்துடுச்சுதானே?" என்றார் அலிஸ்டர்.

"பச்சைதான். போ."

போனார்.

குகைக்குள் மழை இல்லை, ஆனால் இருட்டு. சறுக்கிக்கொண்டு இறங்கும் பாதை. முந்நூறு மீட்டர் போவதற்குள் எதிரே இரண்டு சூரியன்கள் ஏறி வந்தன. அத்தனை வெளிச்சம் கண்ணின் ஓரத்துக்கும் எட்டியது. அலிஸ்டர் பிரேக்கில் ஏறி நின்றார். பேருந்தின் முகம் வேனின் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து கத்தவில்லை. குகைச் சுவரில் சாய்ந்து நின்றார். பேருந்துக்குள் நாற்பது பேர் இருந்தார்கள்.

வேனைப் பின்னாலேயே ஏற்ற வேண்டியிருந்தது. முந்நூறு மீட்டரும் பக்கத் தகடு பாறையில் உரசிக்கொண்டே வந்தது. வெளிச்சத்துக்கு வந்தபோது காவல் வண்டி ஒன்று நின்றிருந்தது. அதிலிருந்து ஓர் இளம் பெண் காவலர் இறங்கி, ஜன்னலருகே வந்து உரிமத்தைக் கேட்டார்.

அலிஸ்டர் பைகளைத் தடவினார். இரண்டு பூதக்கண்ணாடிகள்தான் வந்தன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தார்.

"லைசன்ஸ் இல்லம்மா. கண்ணு போச்சுன்னு வாங்கிட்டாங்க. இவளுக்குத் தெரியாது. தப்பு முழுக்க என்னுது."

நோலின் அவர் பக்கம் திரும்பினார். பிறகு தொடங்கினார்.

"அம்பத்தொரு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். கண்ணு தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு? கட்டினவகிட்ட மறைக்கிற விஷயமா இது? நான் உன் கண்ணை நம்பித்தானேடா கிழவா உக்காந்திருந்தேன். அந்த பஸ்ல இருந்தவங்க செத்திருந்தா யார் பதில் சொல்றது?"

"சொன்னா நீ கிளம்பியிருக்க மாட்டே" என்றார் அலிஸ்டர். "பையன் அங்க காத்துக்கிட்டிருப்பானேன்னுதான் வந்தேன். எனக்கும் அந்தத் தண்ணியை ஒரு தடவை பார்க்கணும், நோலின். அடுத்த வருஷம் எனக்கு அது தெரியாது."

நோலின் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அலிஸ்டருக்கு அந்த அழுகை நெஞ்சை அறுத்தது. காவலர் தன் வண்டிக்குப் போய் ரேடியோவில் பேசிவிட்டு, கூட வந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அபராதத் தாள் வரும், வழக்கும் வரும் என்றார். அலிஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"சாவியை இவகிட்டக் குடுத்துடுங்கம்மா" என்று கெஞ்சினார். "இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ. வீம்பை விட்டாள்னா கால் மணியில கொண்டுபோய்ச் சேர்த்துடுவா. சொல்லேன் நோலின், ஓட்டுறேன்னு சொல்லு."

நோலின் முழங்கால் வலிக்கிறது என்று தொப்பிக்குள்ளிருந்தே சொன்னார்.

இன்னைக்கு ஒருநாள் அவனுக்காக வலியைப் பொறுத்துக்கோ என்று அலிஸ்டர் மன்றாடினார். நோலின் கைப்பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். மணி ஒன்று நாற்பது.

காவலர் அலிஸ்டரின் பக்கத்துக் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் பின்னால் போய் பம்பருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். படகுத்துறை வரை தானே ஓட்டுவதாகவும், தன் வண்டியைக் கூட வந்தவர் கொண்டுவருவார் என்றும் சொன்னார். நல்லா ஓட்டத் தெரிஞ்சவ பக்கத்துல இருக்கும்போது உங்களுக்கு எதுக்கும்மா சிரமம் என்று அலிஸ்டர் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். காவலர் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, அவர் மடியிலிருந்து விழுந்த பூதக்கண்ணாடிகளில் ஒன்றை அவரிடமும் இன்னொன்றை நோலினிடமும் நீட்டினார்.

"உங்க லைசன்ஸ் போய் மூணு வாரந்தான் ஆகுது, ஐயா. அம்மாவோடது, இதே கண்ணுக்காக, போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."