ஒப்பீட்டு ஊர்

ஓர் ஆறும் இரண்டு கரைகளும் உள்ள நாடு ஒன்று இருந்தது. எல்லா ஆறுகளுக்கும் இரண்டு கரைகள்தான். ஆனால் அதை ஒரு நல்ல வாய்ப்பு என்று முதலில் கண்டுகொண்டது அந்த நாடுதான்.

மேற்கே இருந்த ஊர் மேலைக்கரை, கிழக்கே இருந்தது கீழைக்கரை. இரண்டிலும் ஒரே மண், ஒரே மழை, ஒரே கொசு. தலைமுறை தலைமுறையாக இங்கே பெண் எடுத்து அங்கே பெண் கொடுத்ததில் மூக்குகூட ஒரே மாதிரி ஆகியிருந்தது.

மன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். மன்னர் என்ற பெயர் மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது. அப்படி வந்த தெளிவேந்தர் ஆராய்ச்சியில் பெரும் பற்றுள்ளவர். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் தாகம் என்றால் கிணறு வெட்டினார்கள், பசி என்றால் சோறு போட்டார்கள். தாகம் கிணற்றால் தீர்ந்ததா, தானாகத் தீர்ந்ததா என்று ஒருவரும் சரிபார்க்கவில்லை. அந்த அலட்சியம் தெளிவேந்தரை மிகவும் வருத்தியது. தலைநகரில் அறிவு மன்றம் ஒன்றைத் தொடங்கி, நோய்க்கு ஓர் அறிஞர், பொறிகளுக்கு ஓர் அறிஞர், பொருளியலுக்கு ஓர் அறிஞர் என்று அமர்த்தினார். அவர்களுக்குத் தலைவராகப் பேராய்வாளர் நுண்மதியார் பொறுப்பேற்றார்.

நுண்மதியார் செய்த முதல் வேலை ஒரு விதியை எழுதியது. எந்த நன்மையும் அதன் பயன் நிறுவப்படும் முன் மக்களுக்குச் செய்யப்படக் கூடாது. பயனை நிறுவ வேண்டுமானால் ஓர் ஊருக்கு அந்த நன்மையைச் செய்ய வேண்டும், அதே போன்ற இன்னோர் ஊருக்குச் செய்யாமல் இருக்க வேண்டும். பிறகு இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும்.

அவையில் ஒரு காசைச் சுண்டினார்கள். மேலைக்கரை வென்றது. கீழைக்கரைக்கு ‘ஒப்பீட்டு ஊர்’ என்ற பட்டம் கிடைத்தது.

பட்டம் என்றதும் கீழைக்கரைக்காரர்களுக்கு மகிழ்ச்சிதான். அறிவு மன்றத்து ஆட்கள் பட்டுத்துணி போர்த்திய பலகை ஒன்றை ஊர் முகப்பில் நட்டார்கள். பிறகு வீடு வீடாக வந்து எல்லோருடைய உயரம், எடை, வருமானம், வந்த காய்ச்சல், வராத தூக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார்கள். இதுவரை எந்த அரசாங்கமும் தங்கள் தூக்கத்தை விசாரித்ததில்லை என்று மக்கள் நெகிழ்ந்தார்கள். அளப்பதுதான் திட்டம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் மேலைக்கரைக்குக் கொசுவலை கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் அளந்தபோது அங்கே காய்ச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. கீழைக்கரையிலும் பாதியாகக் குறைந்திருந்தது. நோயறிஞர் திடுக்கிட்டார். விசாரித்ததில், மேலைக்கரைப் பெண்கள் வலையை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைப் பிறந்த வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியது தெரிந்தது.

இதற்கு மன்றம் ‘கசிவு’ என்று பெயரிட்டது. கசிவைத் தடுக்க ஓர் ஆணை வந்தது. அன்று முதல் பரிசல் துறையில் காவலர்கள் நின்றார்கள். வளைகாப்புக்குப் போகும் கட்டுச்சோறும் தலைத்தீபாவளிக்கு வரும் வேட்டியும் பிரித்துப் பார்க்கப்பட்டன. மாமியாருக்கு மருமகள் அனுப்பிய மாத்திரை ஒன்று ஆய்வின் தூய்மையைக் கெடுக்க முயன்றதாகப் பிடிபட்டது.

அடுத்து மேலைக்கரைக்கு ஆற்றுநீரை மேட்டுக்கு ஏற்றும் பொறி வந்தது. கீழைக்கரைக்காரர்கள் எதிர்க்கரையில் நின்று நாலு நாள் அதை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தாங்களே மூங்கிலும் தகரமும் கொண்டு ஒன்றைச் செய்து, ஒரு வாய்க்காலும் வெட்டிக்கொண்டார்கள். பொறியறிஞர் வந்து பார்த்து, நன்றாகவே ஓடுகிறது என்று பாராட்டிவிட்டு, அதைக் கழற்றி எடுத்துப் போனார். வாய்க்காலைத் தூர்க்க ஆள் வந்தது. வாய்க்கால் வெட்டுவது குற்றமில்லை, ஒப்பீட்டு ஊரில் வெட்டுவதுதான் குற்றம் என்று மக்களுக்கு விளக்கப்பட்டது. பார்த்துக் கற்றுக்கொள்வதைத் தடுக்க, ஆற்றை நோக்கிய சன்னல்களை அடைக்கும்படி இரண்டாம் ஆணை வந்தது.

மூன்றாவதாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மேலைக்கரையில் மாடிக் கட்டடமும் வண்ண நாற்காலிகளுமாகப் புதுப்பள்ளி எழுந்தது. கீழைக்கரையில் ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒற்றை வாத்தியாரோடு ஒரு பள்ளி முன்பே இருந்தது. தேர்வு வைத்தபோது கீழைக்கரைப் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். புதுப்பள்ளியைப் பார்க்க அயல்நாட்டு அறிஞர்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்ததால், மேலைக்கரைப் பிள்ளைகள் பூச்செண்டு கொடுப்பதில் தேர்ந்திருந்தார்கள். கணக்கில் தேறவில்லை.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலைக்கரை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும்படி மன்னர் கேட்டார். அவையில் பொருளறிஞர் இலாபநாதர்தான் எழுந்தார்.

“முன்னேற்றம் என்பது இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள தூரம், மன்னவா. ஒன்றை உயர்த்தியும் அதைப் பெறலாம், மற்றதைத் தாழ்த்தியும் பெறலாம். இரண்டாவதில் செலவு குறைவு.”

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று நுண்மதியார் வருந்தினார். பள்ளியின் பயனை அறியப் பள்ளியே இல்லாத ஊர்தான் சரியான ஒப்பீடு என்று அன்று மாலையே தீர்மானம் ஆயிற்று. கீழைக்கரை வாத்தியாரை மேலைக்கரைக்கு மாற்றினார்கள். பள்ளிக் கதவில் பூட்டு தொங்கியது.

அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்திருந்தவள் செவ்வந்தி. வகுப்பில் முதல் மாணவி என்று சொல்ல முடியாது. ஆனால் எதைக் கொடுத்தாலும் படிப்பாள். மளிகைக் கடைப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் பருப்பைக் கொட்டுவாள். எட்டாம் வகுப்பில் வானத்தைப் பற்றிப் பாடம் வரும் என்று வாத்தியார் சொல்லியிருந்ததால், கோடை விடுமுறை எப்போது முடியும் என்று காத்திருந்தாள். பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் பழைய பாடப்புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்றாம் நாள், எதிர்வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டார்கள். அவளுடைய அம்மா அமிர்தம் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு தலைநகருக்குப் புறப்பட்டாள்.

நுண்மதியார் கெட்டவர் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். மோர் கொடுத்தார். செவ்வந்தியின் உயரத்தைக் கேட்டு, சென்ற ஆண்டைவிட வளர்ந்திருப்பதற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். பிறகு விளக்கினார்.

“தாயே, தங்கள் மகள் படிக்காமல் இருப்பதால்தான் கல்வியின் பயன் என்ன என்பது உலகுக்குத் தெரியப்போகிறது. இவள் செய்யும் தொண்டு சிறிதன்று.”

“படிச்சா நல்லதுன்னு எனக்கே தெரியுமே, ஐயா. நான் படிக்கலியே.”

“தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நிறுவப்படவில்லை.”

“அத நிறுவறதுக்கு எம் புள்ளதான் கெடச்சாளா? ஒங்க வீட்டுப் புள்ளய வீட்ல ஒக்கார வச்சுப் பாத்தாலும் அதே கணக்குதான வரும்?”

நுண்மதியார் இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார். தம் மகள் தலைநகரில் வசிப்பதால் ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டாள் என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

“எத்தன வருஷத்துக்கு இப்படி?” என்று அமிர்தம் கேட்டாள்.

“கல்வியின் முழுப் பயன் முதுமையில்தான் தெரியும் என்பது எங்கள் கணிப்பு.”

செவ்வந்தி மோர்க் குவளையை மெதுவாகக் கீழே வைத்தாள். அவ்வளவுதான் அவள் காட்டிய எதிர்ப்பு.

ஊருக்குத் திரும்பும்போது பரிசல் துறையில் கோமளம் காத்திருந்தாள். அவள் அமிர்தத்துக்கு நாத்தனார், மேலைக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, அங்கே ஒட்டியிருந்த கசிவு ஆணையை முழுதும் படிக்கும்படி செவ்வந்தியிடம் சொன்னாள். சீர் கொடுக்கக் கூடாது, பண்டம் கொடுக்கக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது என்று வரிசையாக இருந்தது. விருந்தாளிகளைப் பற்றி மட்டும் தடை ஒன்றும் இல்லை. அதைச் சேர்க்கலாமா என்று மன்றத்தில் முன்பு பேச்சு வந்தபோது, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது ஏற்கெனவே நிறுவப்பட்ட உண்மை என்று இலாபநாதர் சொல்லியிருந்தார்.

“அப்புறம் என்ன அண்ணி?” என்றாள் கோமளம். “அத்த வீட்டுக்கு விருந்தாட வரட்டும். நான் போன்னு சொன்னாத்தான போவணும்?”

செவ்வந்தி விருந்துக்குப் போனாள். மறுநாள் காலை அத்தை பிள்ளைகளோடு புதுப்பள்ளிக்கும் போனாள். அங்கே அவளுடைய பழைய வாத்தியார்தான் நின்றார். அவர் ஒன்றும் கேட்காமல் பெயரைப் பதிந்துகொண்டார்.

இது தெரிந்ததும் கீழைக்கரைப் பிள்ளைகளுக்கெல்லாம் அத்தை, சித்தி, மாமன் மேல் திடீரென்று பாசம் பெருகியது. பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க முடியாமல் தாய்மார் போனார்கள். சமைக்க ஆளில்லாமல் தகப்பன்மார் போனார்கள். வேலையும் அங்கேதான் இருந்தது, தண்ணீரும் அங்கேதான் இருந்தது. கடைசியில் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மேலைக்கரையில் ஒரு வீட்டில் மூன்று குடும்பம் படுத்தது. சண்டை வராத நாளில்லை. ஆனாலும், போ என்று யாரும் யாரையும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் திரும்ப எடுக்க முடியாது.

ஆண்டு முடிவில் மன்றத்து ஆட்கள் கீழைக்கரைக்கு அளக்கப் போனார்கள். கதவு கதவாகத் தட்டினார்கள். விதிப்படி, பதில் வராத வீட்டுக்கு எதிரே பூச்சியம் போட வேண்டும். போட்டார்கள்.

அவையில் அறிக்கை வாசிக்கப்பட்டது. கீழைக்கரையில் காய்ச்சல் கண்டவர் ஒருவரும் இல்லை. பசித்தவர் இல்லை. வேலை இல்லாதவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை. குறை சொன்னவரும் இல்லை. மேலைக்கரையிலோ நெரிசல், இருமல், தண்ணீர்ச் சண்டை.

மன்னர், ஒன்றும் செய்யாத ஊர்தான் சிறந்திருக்கிறது என்று இதற்குப் பொருளா என்று கேட்டார்.

“அறிவியல் அப்படித்தான் சொல்கிறது,” என்றார் நுண்மதியார்.

ஒன்றும் செய்யாமலே ஓர் ஊரில் பசியை ஒழித்தவர் என்று தெளிவேந்தர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர், தாம் வந்தால் காசை இரண்டு முறை சுண்டுவதாக வாக்களித்தார். தெளிவேந்தரின் ஆட்களோ ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனி ஊர்களைப் பிரித்துப் பார்க்கமாட்டோம் என்றார்கள். அமிர்தமும் கோமளமும் ஒரே வரிசையில் நின்று அவருக்கே ஓட்டுப் போட்டார்கள்.

தெளிவேந்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு ஊர்களையும் பிரித்துப் பார்க்காத புதிய ஆணை மேலைக்கரைப் பள்ளிக் கதவில் ஒட்டப்பட்டது. கூட்டத்தின் முன்னால் நின்ற செவ்வந்தி அதைச் சத்தமாகப் படித்தாள். கீழைக்கரை பெற்ற நன்மையை எல்லோரும் பெறும்பொருட்டு, அன்று முதல் நாடு முழுவதும் ஒப்பீட்டு ஊராக அறிவிக்கப்பட்டது. கொசுவலை, நீர்ப்பொறி, பள்ளிக்கூடம் எல்லாம் திரும்பப் பெறப்பட்டன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, திட்டங்களைப் பெற்று அனுபவிக்கும் இடம் ஒன்றாவது வேண்டுமே என்ற கவலை மன்றத்துக்கு வந்தது. அந்தச் சுமையை நாட்டு நலன் கருதி அரண்மனை ஏற்றுக்கொண்டது.

“வாத்தியாரு?” என்று அமிர்தம் கேட்டாள்.

“அரண்மனைக்கு மாத்திட்டாங்களாம், அம்மா. நாற்காலியும் அங்கதான் போவுதாம்.”

அமிர்தம் வீட்டுக்குப் போய் இரண்டு சேலையையும் மகளின் பாவாடையையும் ஒரு மூட்டையாகக் கட்டினாள். என்ன அண்ணி என்று கேட்ட கோமளத்திடம், விருந்துக்குப் போறோம் என்றாள். கோமளமும் தன் மூட்டையைக் கட்டினாள். அவர்களைப் பார்த்து இரண்டு கரைக்காரர்களும் கட்டினார்கள்.

அரண்மனை வாசலில் கூட்டம் வந்து நின்றபோது காவல் தலைவன் மரியாதையாகத்தான் கேட்டான். அழைப்பில்லாமல் வந்திருக்கிறீர்கள், மன்னருக்கு நீங்கள் என்ன உறவு என்று.

“ஓட்டுப் போட்ட ஒறவுதான் தம்பி,” என்றாள் அமிர்தம்.

அப்படி ஓர் உறவு அவனுக்குக் கொடுத்திருந்த பட்டியலில் இல்லை. கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனான். வெயில் ஏறியது. அவன் வரவில்லை. யாரும் திரும்பிப் போகவும் இல்லை. இவ்வளவு பேர் ஒரே இடத்தில் சும்மா நிற்பதைச் சன்னல் வழியே பார்த்த நுண்மதியார் மனம் பொறுக்காமல், அளவு நாடாவோடு இரண்டு பேரை வெளியே அனுப்பினார்.

அவர்கள் வரிசையாக அளந்துகொண்டு வந்தார்கள். செவ்வந்தியிடம் வந்ததும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, என்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள்.

“எட்டாவது.”

எந்தப் பள்ளியில் என்று கேட்டார்கள்.

செவ்வந்தி கையை நீட்டி, அவர்களுக்குப் பின்னால் சாத்தியிருந்த அரண்மனைக் கதவைக் காட்டினாள்.