ஏரியில் விட்ட ஓட்டு

கார்வர்ஸ் பெண்ட், ஒஹாயோ
நவம்பர், வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த நடீன் அக்காவுக்கு,

தம்பி கிளேட்டன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அரிசோனா வெயிலில் வென்டல் அத்தானின் இடுப்புவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இவ்வளவும் முறைக்காக எழுதினேன். விஷயம் என்னவென்றால், தேர்தல் முடிந்த நாளிலிருந்து நான் வீட்டின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர் உனக்குத் தெரியாததில்லை. மேட்டுத் தெரு குடியரசுக் கட்சி, மில் தெரு ஜனநாயகக் கட்சி. அப்பா காலத்திலிருந்து நாய்கூட மாற்றிக் குரைத்ததில்லை. மேயர் ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயர் கிடையாதுதான். யார் எந்தச் சர்ச்சில் எந்தப் பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று தெரிந்த ஊரில் அது எதற்கு? இந்தத் தடவை என் லோரெனா மேயருக்கு நின்றாள். மேட்டுத் தெருக்காரி, ஜெயித்த மாதிரிதான் என்று நானே அவள் பெயர்ப் பலகையை ஊர் முழுக்கப் புல்வெளிகளில் அடித்தேன். அவள் சும்மா இருந்தாளா? தீயணைப்பு நிலையத்து பான்கேக் விருந்தில் எழுந்து நின்று, "பனி விழுந்தா முதல்ல மில் தெருப் பனியைத்தான் தள்ளுவேன், அங்கதான் ஸ்கூல் பஸ் சறுக்குது"ன்னு சொல்லிட்டா. மேட்டுத் தெருவில் பாதிப் பேருக்கு பான்கேக் தொண்டையில் இறங்கலை. எதிர்வீட்டு ஹார்லன் மறுநாளே அவள் பலகையைப் பிடுங்கிப் போட்டு, அவளை எதிர்த்து நின்ற பாய்ட் ஹென்ஸ்லியின் பலகையை நட்டான். பாய்ட் ஜனநாயகக் கட்சி. ஹார்லன் ஜென்மத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.

எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு இருநூற்றுப் பதினொன்று. சனிக்கிழமை ஊராட்சி மண்டபத்தில் நாணயம் சுண்டி மேயரைத் தீர்மானிக்கப் போகிறார்கள். ஜெயிக்க வைத்திருக்கும் அந்த ஒரு ஓட்டு எங்கே போச்சுன்னு ஊரே தேடுது. அது என்னோடு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது அக்கா.

நானும் மில் தெரு டென்னிஸ் கோவாலிக்கும் ஓட்டு நாளன்று ஏரிக்குப் போகிறவர்கள் என்பது உனக்குத் தெரியும். என் ஓட்டை அவன் ஓட்டு தின்னும், அவன் ஓட்டை என் ஓட்டு தின்னும், எதற்கு ரெண்டு பேரும் வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டும் என்று வாலிபத்தில் கைகொடுத்துக்கொண்டது. லோரெனா இந்தத் தேர்தல் நாள் காலையில்கூட வாசலை மறித்தாள். "நான் நிக்கிறேன் கிளேட்டன். இந்த ஒரு தடவையாவது போட்டுட்டுப் போயேன்."

"சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல? டென்னிஸ் பாய்டுக்குத்தான் போடுவான். அவனை ஏரியில புடிச்சு வெச்சுக்கிறேனே, அதுவே உனக்கு ஒரு ஓட்டுதான்" என்றேன். கணக்கு சரிதானே? அதற்குத்தான் தினமும் ஆறிப்போன பீன்ஸ் போடுகிறாள்.

நேற்று டென்னிஸிடம் ஆறுதல் தேடிப் போனேன். அவன் தூண்டில் பெட்டியைத் திறக்கிறேன், மூடியின் உள்பக்கம் 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கர். வாக்குச்சாவடியில் கொடுப்பார்களே, அதே வட்டம், இந்த வருஷத்தது.

"இது என்னடா?"

"ஓட்டுப் போட்டேன். ஏரிக்கு வர்றதுக்கு முன்னாடி. கேளு கிளேட்டன், அது எதுக்குன்னா..."

"பேசாதே. என்னை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போய் என் பொண்டாட்டியைத் தோக்கடிக்கப் பாத்தியே, நீயெல்லாம் மனுஷனா?"

"முழுசாக் கேளேன்டா, கழுதை."

கேட்கவில்லை. படகு அவனுடையது, மோட்டார் என்னுடையது. அங்கேயே கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மேடு ஏறி வந்துவிட்டேன். அவன் துடுப்புப் போட்டுப் போகட்டும். மோட்டார் இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்ரோல் நாற்றம் தாங்கலை, ஆனாலும் திருப்பிக் கொடுக்க மாட்டேன். சனிக்கிழமை நாணயம் மேலே போவதற்கு முன் எழுந்து நின்று, அவன் செய்த துரோகத்தை ஊர் முன்னால் சொல்லப் போகிறேன். இது உறுதி. நீ லோரெனாவுக்கு ஒரு போன் போட்டு, உன் தம்பி சொல் தவறாதவன் என்று மட்டும் எடுத்துச் சொல். நீ சொன்னால் அவள் கேட்பாள். அவள் பேசாத வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லாரையும் ஆண்டவர் நல்லபடியாக வைக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
கிளேட்டன்

பின்குறிப்பு: போன் போடாதே. லோரெனா துணி துவைக்க இறங்கி வந்தவள் இதைப் படித்துவிட்டாள். "டென்னிஸ் எனக்குத்தான் போட்டான். மில் தெருவில பனி தள்ளுறேன்னு சொன்ன முதல் ஆள் நீதான்னு அன்னிக்குக் காலையிலேயே எனக்கு போன் பண்ணிச் சொன்னான்" என்றாள். அவன் சொல் தவறாமல் இருந்திருந்தால் அவள் தோற்றிருப்பாள். நான் தவறியிருந்தால் ஜெயித்திருப்பாள். மோட்டாரை அவன் படகில் மாட்டிவிட்டு வந்தேன். சனிக்கிழமை லோரெனாவுக்குப் பக்கத்தில் டென்னிஸ் நிற்கிறானாம். எனக்கு மண்டப வாசலில், வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுகிற வேலை.