வார்வெரேயின் ஒரே தபால்தலை

"தண்ணி பட்டா கரையும்னு உனக்குத் தெரியாதா?"

"தண்ணின்னு யாரு சொன்னா? எச்சில்தான். விரல் நுனியில கொஞ்சூண்டு."

"எச்சிலா! உன்னைப் போய் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாப் போட்டாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்."

"ஈ அசிங்கம் பண்ணி வச்சிருந்துது, ஹெல்யு. தாலின்லேருந்து நிபுணர் வர்ற அன்னிக்கு அதோடயா காட்டறது?"

தோனு கையிலிருந்த தபால்தலையை மனைவியிடம் நீட்டினான். சுத்தியல் பிடித்த சோவியத் தொழிலாளி ஒருவன் அதில் பளிச்சென்று நின்றான். அவன் நெற்றியில் அதுவரை இருந்த 'வார்வெரே' என்ற ஊதா எழுத்துகளைக் காணோம்.

அந்த எழுத்துகளால்தான் ஊருக்கே பெருமை. 1941 கோடையில் சோவியத் படை எஸ்டோனியாவின் இந்த மூலையை விட்டுப் போனது. அடுத்த படை வந்து இறங்கியும் இன்னும் ஆள ஆரம்பிக்கவில்லை. போன அரசின் தபால்தலைகள் அஞ்சலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அஞ்சல் அதிகாரி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் ஆளில்லை. உருளைக்கிழங்கை நறுக்கி ஊர்ப் பெயரைச் செதுக்கினார், புளூபெர்ரிச் சாற்றில் தோய்த்தார், குத்தி விற்றார். புதுப் படையின் ஆணை வந்ததும் மிச்சத்தை எரித்துவிட்டார்கள். தப்பியது இது ஒன்று.

யாருக்கும் சொந்தமில்லாத அந்த நாட்களில் ஒருவர் கடிதம் போட்டால், அது எந்த நாட்டிலிருந்து போன கடிதம்? ஆள் வராத பகல்களில் தோனு இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பான். இனி யோசிக்க இடமிருக்காது போலிருந்தது. தபால்தலை அசல்தான் என்று நிபுணர் இன்று சான்றிதழ் தராவிட்டால், அருங்காட்சியகத்தை மூடிவிட்டு அங்கே தீயணைப்பு வண்டியை நிறுத்துவதாக நகராட்சி முடிவு செய்திருந்தது.

துடைப்பத்தோடு லெய்தா எட்டிப் பார்த்தாள். கூட்டிப் பெருக்குவது, ஜன்னல் துடைப்பது எல்லாம் அவள்தான். "தோனு, அந்தக் கண்ணாடிப் பெட்டி விஷயமா ஒண்ணு..."

"அப்புறம் அக்கா, அப்புறம்!"

ஈரத்தைப் போக்க ஹெல்யு மாடியில் இருந்த வீட்டிலிருந்து தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தாள். தபால்தலை பென்சில் சீவல் போலச் சுருண்டது. அதை நிமிர்த்த, தோனு அதன்மேல் வாணலியை வைத்து அழுத்தினான். தொழிலாளியின் முழங்காலில் எண்ணெய்ப் பொட்டு ஒன்று விழுந்தது.

"இப்ப என்ன செய்யறது?"

"அந்த அஞ்சல் அதிகாரி செஞ்சதையே நாமளும் செய்வோம்," என்றாள் ஹெல்யு. "உருளைக்கிழங்கு இருக்கு. ஜாம் பண்ண வாங்கின புளூபெர்ரியும் இருக்கு."

"அது போலியாச்சே!"

"தீயணைப்பு வண்டி உனக்குச் சம்மதமா?"

தோனு செதுக்கினான். செய்தித்தாளில் குத்திப் பார்த்தால் ஊரின் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுந்தது. இரண்டாவது கிழங்கு சரியாக வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தபால்தலையில் குத்தப் போன நேரத்தில் வாசல் மணி அடித்தது. திரும்பிப் பார்த்ததில் கிழங்கு கைக்குள் சுழன்றுவிட்டது. ஊர்ப் பெயர் தலைகீழாக விழுந்தது.

"போச்சு!"

"ஊது, ஊது! காயட்டும்!"

நிபுணர் கிவிமேகி உள்ளே வந்தபோது தபால்தலை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி பூட்டியிருந்தது, சாவி தோனுவின் பையில் இருந்தது. தபால்தலையை மறுபடி வெளியே எடுத்துக் கொடுப்பதற்குள் அவன் சாவியை இரண்டு முறை கீழே போட்டான்.

கிவிமேகி பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நிமிரவே இல்லை.

"தலைகீழா இருக்கு," என்றார்.

"அந்தக் காலத்துல... அவசரத்துல..."

"நீங்க இதை யார்கிட்டயுமே சொல்லலையே!"

"பெருமையடிக்கறது எங்க ஊர்ல வழக்கமில்ல," என்றாள் ஹெல்யு.

அவர் முகர்ந்து பார்த்தார். "ரப்பர் முத்திரைன்னா ஓரம் கத்தி மாதிரி இருக்கும். இங்க பாருங்க, சாறு எப்படிக் கசிஞ்சிருக்கு! இது உருளைக்கிழங்கேதான். நிறைய போலி பாத்திருக்கேன் ஐயா. உண்மையிலேயே கிழங்கை வெட்டற பொறுமை எந்தப் போலிக்காரனுக்கும் கிடையாது. இந்த எண்ணெய்ப் பொட்டைப் பாருங்க. பாவம், அந்த அஞ்சல் அதிகாரி சமையலறையில வச்சுக் குத்தியிருக்கார்!"

தோனு தலையாட்டினான். அவருக்குத் தெரியாமல் ஊதா விரல்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

வாசலில் லெய்தா வந்து நின்றாள். "தோனு, அந்தப் பெட்டி..."

"அக்கா, கையெழுத்துப் போடறாங்க, இருங்க!"

'வார்வெரே, 1941. அறியப்பட்ட ஒரே பிரதி. தலைகீழ்ப் பதிவு. ஐயத்துக்கு இடமில்லை.' கிவிமேகி கையெழுத்திட்டார். மையை ஊதிக் காயவைத்தார். தன் முத்திரையையும் குத்தினார். சன்னமான மழை போல ஒரு நிம்மதி தோனுவின் மேல் இறங்கியது. தீயணைப்பு வண்டி அவன் மனத்துக்குள் பின்னோக்கி நகர்ந்து தெருமுனையில் மறைந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் கிவிமேகி, பேனாவை மூடாமலே. "புளூபெர்ரிச் சாறு வெயில் பட்டாலே வெளுத்துப்போகும். இது நேத்துக் குத்தின மாதிரி இருக்கே. இத்தனை வருஷமா இதை இப்படிக் காப்பாத்தினது யாரு?"

பழி வந்தால் பங்கு போட ஆள் வேண்டுமே என்று தோனு அவசரமாகக் கைகாட்டினான். "எல்லாம் லெய்தா அக்காதான்."

லெய்தாவின் முகம் மலர்ந்தது. மேலங்கிப் பையிலிருந்து ஒரு தகரடப்பாவை எடுத்தாள்.

"உங்களுக்காவது புரிஞ்சுதே ஐயா. இந்த ஜன்னல் வெயில் ஆகாதுன்னு, அசலை நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே எடுத்து எங்க வீட்டு மாவுப் பெட்டிக்குள்ள வச்சுட்டேன். இதோ, இந்த டப்பாவுல இருக்கு. இங்க இருந்தது சந்தையில வாங்கின பழைய தபால்தலை. பீட்ரூட் தண்ணியைத் தொட்டு நான்தான் பேர் எழுதி வச்சேன். காலையிலேருந்து இதைத்தான் சொல்ல வர்றேன், யாரு கேக்கறா? தோனு, அந்தப் பெட்டிச் சாவியைக் கொஞ்சம் குடேன்."